சலவையக்காவின் முதல் ஓட்டு

நாற்பத்தொரு வயதில்தான் சலவையக்காவுக்கு ஓட்டு வந்தது. அதுவரை வீடு வீடாகத் தங்கி வேலை பார்த்தவள். சொந்தமாக ஒரு முகவரி கிடையாது. நான் ஆயாவாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சலவை அறைக்குச் சேர்ந்த பிறகு, மேலாளர் இல்லத்து முகவரியைக் கொடுத்து அவளையும் மூன்று உதவிப் பெண்களையும் பட்டியலில் சேர்த்தார். இரக்கத்தால் அல்ல. அவருடைய மச்சான் தேர்தலில் நின்றார்.

"முகவரி யாருது?"

"உங்களுது சார்."

"அப்ப ஓட்டு?"

நால்வரும் தலையாட்டினார்கள்.

சலவையக்கா ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு துவைப்பாள். இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரிலும் மற்றதை வெந்நீரிலும் ஊறவைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரமும் நின்றபடி வேலை. தேர்தலில் மச்சானை எதிர்த்து நின்றவர், வேலை எட்டு மணி நேரம்தான் என்று சட்டம் வரும் என்றார். நடக்கிற காரியமா என்று சலவையக்காவிடம் கேட்டேன்.

"நடக்காட்டி போகட்டும் பெரியம்மா. கால் வலிக்குதுன்னு ஒரு தடவ சொல்லிட்டு வந்துடறேன்."

படுக்கையில் இருப்பவர்களுக்காக ஓட்டுப்பெட்டியை இல்லத்துக்கே கொண்டுவந்தார்கள். வேலை பார்க்கும் நாங்களும் அதிலேயே போட்டோம். அந்தப் பெட்டியைத் தனியாகவே எண்ணினார்கள். ஐம்பத்திரண்டில் ஐம்பத்தொன்று மச்சானுக்கு. அவர் ஜெயித்தும்விட்டார். ஆனால் மேலாளருக்கு அந்த மிச்சம் ஒன்று தொண்டையில் முள்ளாக நின்றது.

"படுத்திருக்கிறவங்க ஓட்டெல்லாம் நான் பக்கத்துல நின்னு போட வச்சது. வேற எந்த மகராசி இது?"

"போன மாசம் செத்த பத்தாம் நம்பர் தாத்தா வந்து போட்டிருப்பாரு சார்," என்றாள் சமையல்காரி. மேலாளர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் வார லீவு கிடையாது."

மூன்றாவது வாரம், அசதியில் கண் சொருகிய ஓர் உதவிப் பெண், தூக்கி உட்காரவைக்கும்போது ஒரு பாட்டியைக் கைநழுவவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. அன்று மாலையே சலவையக்கா கையைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைப் பக்கம் நடந்தாள். நான் மறித்தேன்.

"வாய மூடிட்டு இருடி. அவனால நிரூபிக்க முடியாது."

"அவரு எதுக்கு நிரூபிக்கணும்? இன்னொரு இடுப்பு உடையிற வரைக்கும் காத்திருந்தா போதும்."

மறுநாள் துணிமூட்டையோடு வெளியேறினாள். இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று மேலாளர் எழுதிக்கொடுக்க, பட்டியலிலிருந்தும் பெயர் போனது. அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. பாட்டி பதினோராம் நாள் இறந்தார்.

வார லீவு திரும்பி வந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.