மூன்றாம் சரணத்தின் குரல்

பெனடிக்டின் முதலாண்டு நினைவு நாளுக்கு ஐந்து வாரம் இருந்தபோது, அவர் மனைவி மேரிசெல்வி ஒரு துணிப்பை நிறைய கேசட்டுகளோடு தைரியநாதன் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அவரு பாடுனதுல நல்ல பாட்டா பத்து எடுத்து ஒரு சிடி போட்டுக் குடுங்க. பூசை முடிஞ்சதும் எல்லாருக்கும் குடுக்கணும். 'ரெண்டாம் ஷிப்ட்' பாட்டு மொதல்ல வரணும்."

தைரியநாதன் தலையாட்டினார். அந்தப் பாட்டை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

அவர் அனல் மின் நிலையத்தில் மீட்டர் பழுது பார்க்கும் டெக்னீசியன். கூச்ச சுபாவம். கூட்டத்தில் நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவரை மேடையேற்றியவர் பெனடிக்ட். சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் ஓட்டிய பெனடிக்டுக்கு ராக் அண்ட் ரோல் என்றால் பித்து. சைரன், ஷிப்ட், கன்வேயர் பெல்ட் என்று நெய்வேலியை வைத்தே தமிழில் பாட்டுக் கட்டி, இடுப்பை ஆட்டிப் பாடுவார். அவருக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில், தைரியநாதன் பேஸ் கிடார் வாசிப்பார். இருபது வருடக் கச்சேரிகளை டேப் ரெக்கார்டரில் பதிந்து பெனடிக்டிடம் கொடுத்ததும் அவர்தான்.

'ரெண்டாம் ஷிப்ட்' பாட்டு சரியாகப் பதிவானது ஒரே ஒரு முறை, தொண்ணூற்றொன்றாம் வருடப் பொங்கல் விழாவில். அன்று இரண்டாவது சரணம் முடிந்ததும் பெனடிக்டுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். தைரியநாதன் தன் முன்னால் இருந்த மைக்கில் பாடத் தொடங்க, பெனடிக்ட் வாயை மட்டும் அசைத்தார். பதற்றத்தில் தைரியநாதனுக்கு வரிகள் மறந்துபோயின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேரிசெல்வி கண்ணில் பட, அவர் பெயரை வைத்தே வாய்க்கு வந்ததைப் பாடினார்:

"சைரன் ஊதி ஓஞ்சாச்சு மேரி,
சைக்கிள் திரும்பி வருது மேரி,
கதவத் தொறந்து வையி மேரி..."

அரங்கமே எழுந்து ஆடியது. மறுநாள் பெனடிக்ட் தைரியநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லிடாதடா" என்றார். இருபத்துமூன்று வருடமாகச் சொல்லவில்லை.

மெயின் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த இசைப்பிரியா, கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலை நீக்கினார். இரைச்சல் போனதும் ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"சார், மூணாவது சரணம் வேற யாரோ பாடுறாங்களே?"

"பழைய டேப்பும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் தைரியநாதன். ஆனால் ஹெட்போனில் அவர் குரல் அவருக்கே அப்பட்டமாகத் தெரிந்தது. மேரிசெல்வி இதைக் கேட்டால்? செத்துப்போனவரை ஊர் முன்னால் பொய்யராக்கியதாகாதா? அந்தச் சரணத்தை வெட்டச் சொல்லி, மாதிரி சிடியை மேரிசெல்விக்குக் கொடுத்தனுப்பினார். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே யாரென்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

மூன்றாம் நாள் மேரிசெல்விதான் அழைத்தார். "தம்பி, வூட்டுக்கு வந்துட்டுப் போங்க."

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் அவர் பக்கத்திலிருந்த மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தார். தைரியநாதன் அந்தத் தெருமுனையை இரண்டு முறை தாண்டிப் போய், மூன்றாம் முறைதான் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

"எம் பேரு வர்ற சரணம் எங்க தம்பி?"

"டேப்பு அந்த எடத்துல..." என்று தொடங்கியவருக்கு மேலே பொய் வரவில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். "மன்னிச்சிடுங்க அண்ணி. அது அண்ணன் இல்ல. நான்தான்."

மேரிசெல்வி சுவரிலிருந்த பெனடிக்ட் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று தைரியநாதன் நினைத்தபோது அவர் பேசினார்.

"அன்னிக்கி வூட்டுக்கு வந்ததும் அந்தச் சரணத்த ஒரு தபா எனக்காகப் பாடுங்கன்னேன். தொண்ட கட்டிகினு இருக்குன்னாரு. சரின்னு வுட்டேன். அப்புறம் எத்தன வருசம் கேட்டுகினே இருந்தேன். கல்யாண நாளுல கேட்டேன், ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பவும் கேட்டேன். வாயே தொறக்கல. ஊருக்கு முன்னாடி எம் பேரச் சொன்னதுக்கு வெக்கப்படுறாரு, நம்மளப் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன் தம்பி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"அடுத்தவன் பாடுனத எப்படிப் பாடுவாரு? ரோசக்காரரு." பிறகு, "வெட்டுனத ஒட்டிடுங்க. உங்க பேரையும் போடுங்க" என்றார்.

"என் பேரு வேணாம் அண்ணி. நாலு பேரு நாலு விதமா..."

"போடுங்க. இனிமே இத என்னால மறைச்சிகினு இருக்க முடியாது."

நினைவு நாளில், பூசைக்குப் பின் மாதா கோயில் ஹாலில் சிடியைப் போட்டார்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், 'முதல் பாட்டு, மூன்றாம் சரணம்: தைரியநாதன்' என்றிருந்தது. அந்தச் சரணம் நெருங்க நெருங்க தைரியநாதன் கடைசி வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும், பெனடிக்டோடு சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியண்ணன் என்பவர் அட்டையோடு அவரை நோக்கி வந்தார். வசவு வாங்கத் தயாராகித் தைரியநாதன் எழுந்து நின்றார்.

"இன்னாய்யா இது? பெனடிக்ட் கொரலு எனக்குத் தெரியாதா? அவன் உசுரோட இல்லன்னா எதை வேணா அச்சடிப்பியா?"

"அண்ணே, நெஜமாவே..."

"சும்மா இருய்யா. நீ நாலு வார்த்த சேந்தாப்புல பேசியே நான் பாத்ததில்ல!"

பக்கத்திலிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். தைரியநாதன் உதவி கேட்பவர்போல மேரிசெல்வியைப் பார்த்தார். அவரோ வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.