மாராத்தா இறங்கிய கிணறு

அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததும் வந்த பாசி வாசத்தில், ஐம்பது வயதிலும் சுவரைக் கட்டிக்கொண்டேன்; இதே இடத்தில் இருந்த எங்கள் கிணற்றின் படியிலும், நீச்சல் பழகிய நாளெல்லாம் இப்படித்தான் பல்லிபோல் ஒட்டிக்கிடந்தேன். மோட்டார் தண்ணீர் இழுக்காதபோதெல்லாம் மூச்சடக்கி அடிவரை முங்கி, குழாயை அடைத்த குப்பையை எடுப்பவர், எங்கள் வாழைக்காட்டு வேலைக்கு வரும் மாராத்தா. எருமைக்குக்கூட மரியாதையாக ‘ங்க’ போடும் அப்பா, அவரிடம் மட்டும் “எறங்கு புள்ள” என்பார்.

வாழை வாடிய ஒரு சித்திரையில், அப்பா அப்படிச் சொல்லியும் மாராத்தா நகரவில்லை.

“உங்க பையன எறக்குங்க. படிய நல்லாத்தானே புடிக்கறான்.”

அப்பா என்னைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார்.

“எறங்குங்க, மாராத்தா.”

“இப்பத்தானுங்க காது கேக்குது” என்று குதித்தார்.