அக்காவுக்கு ஒரு சின்னத் துப்பாக்கி

என் அக்கா லியோனா முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பென்சில்வேனியாவில் எங்கள் மலைப்பாதைகளில் பனிக்காலத்தில் பஸ் ஓட்டுவது என்றால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவதுதான். அப்படி மல்லுக்கட்டியே இரண்டு கட்டைவிரல் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. போன இலையுதிர்காலத்தில் வலது கைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. "இனிமே ஊறுகாய் ஜாடி மூடி திறக்கக்கூட யாரையாச்சும் கூப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். ஜாடி கிடக்கட்டும், அதை நான் திறந்து தருவேன். வியாழக்கிழமைக்கு என்ன செய்வது?

மே மாதம் தொடங்கினால், வியாழன் சாயங்காலம்தோறும் எங்கள் ஊர் வேட்டைக் கழகத்தில் தட்டு சுடும் பந்தயம். ஆறு வட்ட இரும்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும், சுட்டுச் சாய்க்க வேண்டும். இரண்டிரண்டு பேராக ஜோடி. அத்தான் ஜோ காலமான பிறகு அவருடைய கனத்த நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்திலேயே போய் நின்றாள் அக்கா. ஜோவின் தம்பி வால்ட்தான் அவளுக்கு ஜோடி. வெறும் வீட்டில் ஆறு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஏழாவது நாள் அதுதான்.

கழகத்தில் ஒரு சட்டம் உண்டு. கோட்டில் நிற்பவர் தன் துப்பாக்கியைத் தானே நிரப்ப வேண்டும், தானே காலி செய்து காட்ட வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. நல்ல சட்டம்தான், அதனால்தான் எல்லோருக்கும் பத்து விரலும் மிச்சமிருக்கிறது. ஆனால் ஜோவின் துப்பாக்கியில் தோட்டா ஏற அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட அக்காவின் கைக்கு இப்போது வலுவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என் கண்ணெதிரே முக்கி முக்கிப் பார்த்தாள். பாதி வந்து நின்றது. மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் வதங்கிக்கொண்டிருந்த முட்டைக்கோஸைக் கிளறப் போய்விட்டாள்.

வால்ட் இருக்கிறாரே, அவருக்கு வாய் சும்மா இருக்காது, என்னைப் பிடித்துக்கொண்டார். "மே மாசம் பந்தயம் ஆரம்பிக்குது பெர்னி. அண்ணியால முடியலன்னா நான் வேற ஆளப் பாக்கணும். அவங்க வந்து உக்காந்து மீன் வறுவல் சாப்பிடட்டுமே, யார் வேணாங்கறா?"

"அதை அவகிட்டயே போய்ச் சொல்லேன், தைரியமிருந்தா."

"எனக்கென்ன பைத்தியமா?"

அடுத்த வாரம் அவளை எமிலின் துப்பாக்கிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எமில் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவன், இன்னும் அவளைக் கண்டால் நிமிர்ந்து நிற்பான். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, காலி என்று திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தான். அக்காவும் திறந்து பார்த்தாள். ஒருவர் பார்த்தாலும் கையில் வாங்குகிறவரும் பார்ப்பதுதான் எங்களுக்கு மரியாதை. ஜோவின் துப்பாக்கியை வெந்நீரில் துவைத்துச் சுருங்க வைத்தது போலிருந்தது. அதே பிடி, அதே விசை, எல்லாம் ஒரு சுற்றுச் சிறிது. உள்ளே போவது இருபத்திரண்டு காலிபர் குட்டித் தோட்டா.

மேல்பகுதியை இழுத்தாள். முழுசாக வந்தது. விட்டாள், மறுபடி இழுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுவது எனக்குத் தெரியாதாம்!

அப்புறம் பழக்க தோஷம், சுவரிலிருந்த மான் தலையைக் குறிபார்த்து விசையை அழுத்திவிட்டாள். டக்!

"ஐயையோ, லியோனாக்கா!" எமில் குதித்தான். "இது இருபத்திரண்டு, அக்கா! காலியா தட்டலாமா?"

பெரிய துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் நாள் பூராவும் தட்டிப் பழகலாம். இதில் விசையை அழுத்தினால் உள்ளே ஒரு ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் குழலின் பின்விளிம்பில் அடித்து நசுக்கிவிடும். அக்காவின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. எமில் விளக்கடியில் வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை, நல்ல நேரம்" என்றான்.

"ஆகியிருந்தா வாங்கித்தானே ஆகணும், யோசிக்கிற வேலை மிச்சம்" என்றேன்.

"நீ சும்மா இருடி. இந்த விலைக்குப் புதுசா ஒரு துணி துவைக்கிற மெஷின் வாங்கலாம்."

விலைகூட இரண்டாம் பட்சம். சேதி கேட்டு வால்ட் வைத்தார் பாருங்கள் ஒரு கொட்டு. "அண்ணி, நம்ம தட்டு பெரிய தோட்டாவுக்குன்னு வச்ச தட்டு. இது பட்டா மணி அடிக்கும், விழாது. விழலன்னா புள்ளி கிடையாது." அவர் சொன்னது நிஜம், அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கியும் தட்டு விழாவிட்டால் ஊர் முன்னால் நிற்கவா முடியும்? அதோடு அவள் கழகத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

எமில்தான் வழி சொன்னான். "ஞாயித்துக்கிழமை சர்ச் பூசை முடிஞ்சதும் கழகத்துக்கு எடுத்திட்டு வர்றேன். சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அன்று மண் சொதசொதவென்று கிடந்தது. வால்டையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர்தான். அக்கா தானே தோட்டா போட்டாள், தானே இழுத்து விட்டாள். முதல் குண்டு தட்டின் நட்ட நடுவில். டிங்! தட்டு நின்றது. இரண்டாவது, டிங். மூன்றாவதும் டிங். ஒரு தட்டும் அசையவில்லை.

"என்ன அண்ணி, காலிங் பெல் அடிச்சிட்டு ஓடுற பசங்க மாதிரி?" என்றார் வால்ட்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள். துப்பாக்கியைக் காலி செய்து, திறந்தபடியே மேசையில் வைத்தாள். தட்டுகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"வால்ட், ஒரு ஆளைத் தள்ளணும்னா எங்க கைய வைப்ப?"

"தோள்லதான்."

"வயித்துல தள்ளினா?"

"பின்னால நகருவான். ஆனா விழ..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தட்டுக்குக் கீழேதான் கீல். மேல் விளிம்பில் அடித்தால் சாய வேண்டும். ஆனால் அந்தத் தூரத்தில் விளிம்பு என்பது ஒரு விரல் அகலம், கொஞ்சம் தப்பினால் குண்டு மேலே போய்விடும். அக்கா மறுபடி நிரப்பினாள். முதல் குண்டு மேலே போய்ப் பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தது. வால்ட் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அடுத்ததற்கு மூச்சை இழுத்துப் பாதி விட்டாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். தட்டு ஒரு கணம் யோசித்தது, பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து படுத்தது.

எமில் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான்.

ஆறில் நான்கு விழுந்தன. ஜோவின் துப்பாக்கியில் அவள் ஆறையும் வீழ்த்துவாள், அது வேறு கதை. மே மாதம் வர இன்னும் நாள் கிடக்கிறது, பழக்கத்துக்குத் தோட்டாவும் மலிவு.

"எமில், இதைக் கட்டி வை. நாளைக்கு வந்து வாங்குற காகிதத்துல கையெழுத்துப் போடறேன்" என்றாள் அக்கா. பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். "நீ வேற ஆள் பாத்துட்டியா?"

வால்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அண்ணன் போனப்புறம் நீங்க வராம இருந்திருந்தா, நானும் அன்னைக்கே விட்டிருப்பேன் அண்ணி. வேற ஆள் யாரு இருக்கா எனக்கு?"

"அப்ப போய்த் தட்டை நிமுத்து."

அந்தச் சேற்றில் பூசைக்குப் போட்டுவந்த நல்ல செருப்போடு அவர் ஓடினார்.