எண்பதாம் போர்ட்டில் உட்கார அனுமதி இல்லை

2007, சிதம்பரத்தில் பொறியியல் கடைசி ஆண்டு. நானும், லால்பேட்டையிலிருந்து வந்து படித்த என் சிநேகிதனும் சேர்ந்து சி மொழியில் பிராஜெக்டுக்காக, பிரௌசர் கேட்டால் பக்கத்தை அனுப்பும் ஒரு குட்டி வெப் சர்வர் எழுதினோம். எனக்கு அதற்குள் சென்னையில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. கடலுக்குப் போய்ப் பிழைக்கும் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. பிராஜெக்டில் பாஸானால்தான் அது செல்லும். மார்க்கு ஆளுக்குத் தனித்தனி.

எழுதியதெல்லாம் கடலூரில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில். மஞ்சக்குப்பத்தில் பழசாக வாங்கியது. அதில் நான் எப்போதும் ரூட்டாகத்தான் நுழைவேன். ரூட் என்றால் அந்த மெஷினுக்கே முதலாளி, எதற்கும் தடை கிடையாது. நம் வீட்டு மெஷினில் நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்கிற திமிர் எனக்கு. வெப் சர்வர் என்றால் பிரௌசர் வந்து தட்டும் வாசல் எண்பதாம் போர்ட். பைண்ட் என்று ஒரு வரி எழுதினால் அந்த இடம் நம்முடையது.

“பைண்ட் ஆச்சா இல்லியான்னு ஒரு செக் போட்டுருக்கேன், பாரு மச்சான்” என்றான் சிநேகிதன் ஒருநாள்.

“போடா! இதுவரைக்கும் ஒரு தடவையாவது தப்பாப் போயிருக்கா? கோடிங்தான் ஜாஸ்தியாவுது” என்று எரிந்து விழுந்து, அந்த நாலு வரியையும் அவன் எதிரிலேயே அழித்தேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று காலை, கல்லூரி லேபில் மாணவர் லாகினில் ஓட்டினேன். ‘சர்வர் ரெடி’ என்றது திரை. பிரௌசரில் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ரெடி, மறுபடியும் வெறும் பக்கம். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பைண்ட் தோற்றாலும் ‘ரெடி’ என்றே சொல்லும்படி எழுதி வைத்த புத்திசாலி நானேதான்.

அவன் என்னை மெல்ல நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். அந்த நாலு வரியோடு தன்னிடம் ஒரு பிரதி வைத்திருந்தான், பாவி! அதை ஓட்டியதும், பைண்டுக்கு அனுமதி இல்லை என்று திரை உண்மையைச் சொன்னது.

“ஆயிரத்து இருபத்துநாலுக்குக் கீழ இருக்குற போர்ட்ட ரூட்தான் சார் புடிக்க முடியும். இங்க நாங்க வெறும் ஸ்டூடண்ட்” என்றான். எண்பதை 8080 ஆக்கி மறுபடி ஓட்டினான். பிரௌசரில், சோதனைப் பக்கத்தில் நான் போட்டிருந்த அப்பாவின் படகுப் படம் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த செக் யார் எழுதுனது?” என்று தேர்வாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இவன்தான் சார். நான் டைப் பண்ணேன், அவ்ளோதான்” என்று அவன் முந்திக்கொண்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைவிட அவனுக்கு மார்க்கு குறைந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், “ஏன்டா அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“ஒனக்குத்தான ஆர்டர் வந்திருக்கு மச்சான். எனக்கு வர்றப்ப பாத்துக்கலாம்.”

லால்பேட்டை வழியாகப் போகும் காட்டுமன்னார்கோயில் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். அந்த வேலையில் சேர்ந்துதான் என் தங்கையைப் படிக்க வைத்தேன், வீடு கட்டினேன். எண்பதாம் போர்ட் அன்று எனக்குக் கிடைக்கவில்லை. மற்ற எல்லாம் நீ கொடுத்ததுதான் மச்சான்.