பெக்கிக்குச் சொறி வந்த கதை

நான் உண்மை பேசி ஒருவருடைய வேலையைக் கெடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த ஒருவர் என் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் தோட்டம் யட்டவத்தைக்கு மேலே, அடிவாரத்தில் கொக்கோவும் உச்சியில் தேயிலையுமாக இருந்தது. மற்ற ஆண்களைப் போல அப்பா விடிகாலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டியதில்லை. பங்களாவில் துரை வளர்த்த ஐந்து நாய்களைக் குளிப்பாட்டுவது, சீவுவது, நடக்கக் கூட்டிப்போவது, வேளைக்குச் சோறு வைப்பது, இதுதான் அவர் வேலை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சிலர் அவரை நாய்க்காரர் என்று கேலியாகச் சொல்வார்கள். அப்பா அதைக் கங்காணி, கணக்கப்பிள்ளை என்பதைப் போல ஒரு பதவிப் பெயராகவே எடுத்துக்கொண்டார்.

அந்த ஐந்தில் பெக்கிதான் துரைக்கு உயிர். தரையைத் தொடும் காதுகள், கித்துள் பாணியின் பழுப்பு நிறம், எப்போதும் எதையோ மன்னித்துக்கொண்டிருப்பது போன்ற கண்கள். அதன் அப்பன், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் எழுதிய கடுதாசி ஒன்று சீமையிலிருந்து அதனுடனேயே கப்பலில் வந்ததாம். எங்கள் லயத்தில் யாருக்கும் பூட்டன் பெயர் தெரியாது.

துரை அதைக் கொழும்பில் நடந்த நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது அப்பாவும் மாத்தளையில் ரயில் கோச்சி ஏறிப் போனார். பெக்கிக்கு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. கோப்பையைவிட, தீர்ப்புச் சொன்ன வெள்ளைக்காரர் பெக்கியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, இதை யார் பராமரிப்பது என்று கேட்டாராம், துரை கையை நீட்டி அப்பாவைக் காட்டினாராம், அதைத்தான் அப்பா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோப்பை வாங்கிய நாயின் குட்டிக்குத் துரைமார் நடுவே பெரிய போட்டி. முதல் ஈற்றில் ஆறு குட்டிகள். ஆறும் தானாகச் சோறு தின்னும்வரை தாயைவிட்டுப் பிரிக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். துரை குட்டியைக் கேட்கும்போதெல்லாம் அதற்கு வயிறு சரியில்லை என்றோ, மழையில் அனுப்பினால் சளி பிடிக்கும் என்றோ சொல்லி நாளைக் கடத்துவார். துரையிடம் சின்னப் பொய்கள் சொல்லி அவருக்குக் கொஞ்சம் பழக்கம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது ஈற்று அவ்வளவு நல்லபடியாக நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் தொடங்கிய வலி மறுநாள் மத்தியானம்வரை ஓயவில்லை. குட்டி ஒன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. அப்பா கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு அதைத் திருப்பி எடுத்தார் என்று அம்மா சொன்னாள். மூன்று செத்துப் பிறந்தன, இரண்டு பிழைத்தன. பெக்கி இருபது நாள் எழுந்து நிற்கவில்லை. அம்மா ஆட்டுப்பால் கலந்த கஞ்சியைத் துணியில் நனைத்து அதன் வாயில் பிழிவாள்.

அது தேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ரத்தொட்டைப் பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் இன்னொரு கோப்பை வாங்கிய ஆண் நாய் இருந்தது. பெக்கிக்கு அடுத்த பருவம் வந்ததும் அதைக் கொண்டுவருவது என்று இரண்டு துரைமாரும் பேசிவைத்துவிட்டார்கள். பருவம் வந்த அன்றே தனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு உத்தரவு.

அப்பா சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பெக்கிக்குச் சொறி பிடித்திருக்கிறது, மற்ற நாய்களுக்கு ஒட்டிக்கொள்ளும், மூன்று வாரம் தள்ளி வைத்து மருந்து போட வேண்டும் என்று சொன்னார். ஒரு சாக்கில் அதன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, பெக்கியைத் தூக்கி லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கே கொண்டுவந்துவிட்டார்.

எனக்கு அது திருவிழா. பங்களா நாய் எங்கள் வீட்டில். வேப்பெண்ணெயும் கந்தகமும் மஞ்சளும் குழைத்து, ஒரு குறையும் இல்லாத அதன் முதுகில் அப்பா பூசிவிட்டார். லயத்து நாய்கள் வாசலில் வந்து முகர்ந்துகொண்டு நின்றன. அவற்றைக் கம்பால் விரட்டுவதும், கதவைச் சாத்தி வைப்பதும், பெக்கிக்குக் கட்டிய துணியைச் சாம்பல் போட்டு அலசுவதும் என் பொறுப்பு. சொறிக்கு எதற்குத் துணி என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பெக்கி பெரிய மனுஷி ஆகியிருக்கிறது, அதனால்தான் உள்ளே வைத்திருக்கிறோம், வெளியில் சொல்லாதே என்றாள்.

இதை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். மேல்லயத்து அக்காவுக்குச் சடங்கு நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அக்காவுக்குச் செய்ததையெல்லாம் பெக்கிக்கும் செய்தேன். நெற்றியில் மஞ்சள் வைத்தேன். காதோரம் செம்பருத்திப் பூவைச் செருகினேன். பெக்கி அதை இரண்டு முறை தின்றது, மூன்றாம் முறை பொறுத்துக்கொண்டது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அடுத்த காம்பராப் பெரியம்மா வாசலில் அரிசி புடைத்தபடி, சொறி நாயை வீட்டில் வைத்திருக்கிறீர்களே என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். போன வருடம் லயத்தில் சொறி பிடித்த நாய்களையெல்லாம் துரை சுட்டுத் தள்ளியது உனக்கு ஞாபகமில்லையா என்றும் கேட்டாள். எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு கதவடியை விட்டு நான் நகரவில்லை. அப்பாவிடம் கேட்கவும் பயம். சொறி என்று துரையிடம் சொன்னதே அப்பாதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துரை வந்தார். காட்டுக்கோழி சுடப் போய்விட்டு, திரும்பும் வழியில் பெக்கியைப் பார்க்கலாம் என்று லயத்துப் பாதையில் இறங்கியிருக்கிறார். குதிரையிலிருந்து இறங்கி எங்கள் வாசல் திண்ணை இஸ்தோப்புக்கு வந்தபோது அவர் தோளில் துப்பாக்கி தொங்கியது. அப்பா விறகுக்குப் போயிருந்தார். அம்மா பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"சொறி இல்லீங்க தொரை. பெக்கிக்கு ஒன்னுமே இல்லீங்க. சுட்டுறாதீங்க."

துரைக்குத் தமிழ் தெரியும், தோட்டத்துத் தமிழ். குனிந்து என்னைப் பார்த்தார்.

"சொறி இல்லே? அப்போ என்னா?"

"பெரிய மனுஷி ஆயிருக்குங்க."

துரை கதவைத் தள்ளினார். உள்ளே பெக்கி நெற்றியில் மஞ்சளும் காதில் பூவும் இடுப்பில் துணியுமாகச் சாக்கில் படுத்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது. துரையின் முகம் முதலில் சிரிக்கப் போவது போல் இருந்தது. பிறகு சிவந்தது.

யாரோ சொல்லி அப்பா ஓடிவந்தார். விறகுக்கட்டைத் தண்ணீர்க் கானோரம் போட்டுவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவும் குடத்தோடு வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"நீ பொய் சொன்னே," என்றார் துரை.

"ஆமாங்க தொரை."

"ஏன் எங்கிட்ட கேக்கலே?"

"ரெண்டு தடவ கேட்டேங்க. இந்த வருஷம் வேணாம்னு. தொரை சிரிச்சீங்க."

அப்பா நிறுத்தியிருக்கலாம். ஆனால் தரையைப் பார்த்தபடி மெதுவாக இன்னும் பேசினார்.

"இன்னொரு தடவன்னா அது தாங்காதுங்க. வீட்டுலயும் ஒரு தடவ பாத்துட்டேன். மறுபடி பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

துரை அப்பாவைப் பார்த்தார். பிறகு குடத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. பெக்கி எங்கள் வீட்டில் எப்போது குட்டி போட்டது என்றுதான் யோசித்தேன். கட்டிய மனைவியை ஆண்கள் 'வீட்டில்' என்று சொல்வது தெரியாத வயது.

மறுநாளிலிருந்து பங்களாவுக்கு வர வேண்டாம், பெரட்டுக்குப் போய்ப் புல்வெட்டு ஆட்களோடு நில் என்று சொல்லிவிட்டு, பெக்கியைத் தானே தூக்கிக் குதிரையில் முன்னால் வைத்துக்கொண்டு துரை போனார். செம்பருத்திப் பூ இஸ்தோப்பில் விழுந்து கிடந்தது.

நான் அன்று அழுத அழுகைக்கு அளவில்லை. அப்பாவின் வேலையும் போயிற்று, பெக்கியும் போயிற்று, இரண்டும் என் வாயால். அடி விழும் என்று மூலையில் ஒடுங்கியிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அதக் காப்பாத்தத்தானே நீ சொன்னே?" என்றார். "நானும் அதுக்குத்தான் சொன்னேன்."

பொய் சொன்னவருக்கும் உண்மை சொன்னவளுக்கும் அந்த ஒரு வாக்கியத்தோடு சமாதானம் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் ரத்தொட்டையிலிருந்து ஒரு மாட்டுவண்டியில் பெரிய கூடையோடு ஆண் நாய் வந்தது. வந்த வண்டியிலேயே திரும்பியும் போனது. இந்த வருடம் இல்லை என்று துரை சொல்லிவிட்டாராம். அந்த வருடம் மட்டுமல்ல, பெக்கி அதன்பின் குட்டி போடவே இல்லை. துரை அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பங்களா வேலையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் அப்பா சுரண்டியோடு புல் வெட்டிக்கொண்டிருக்கும் மலைக்குப் பெக்கி தினமும் ஓடிவந்தது. அது தேயிலைச் செடிக்கடியில் படுத்திருப்பதைக் குதிரையில் போகும் துரை பலமுறை பார்த்தும், பார்க்காதவர் போலவே போனார். சில வருடம் கழித்து அவர் சீமைக்குத் திரும்பியபோது, துரைசானி பெக்கியையும் அதன் கழுத்துப் பட்டியையும் எங்கள் லயத்துக்கு அனுப்பிவைத்தாள். அந்தப் பூட்டன் பெயர்க் கடுதாசி வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பெக்கி இன்னும் நாலு வருடம் எங்களோடு இருந்து, கிழடாகி, தூக்கத்திலேயே போனது.

எனக்கு முதல் பிள்ளை பிறந்தது மாத்தளை ஆஸ்பத்திரியில். அம்மா என் கட்டிலருகில் உட்கார்ந்து, பிள்ளையைத் துணியில் சுற்றியபடி, கேட்காமலேயே சொன்னாள். எனக்குப் பிறகு அவளுக்கு ஒரு ஆண் பிள்ளை குறுக்கே நின்று செத்துப் பிறந்ததாம். அவளே மயிரிழையில் பிழைத்தாளாம். இன்னொன்று என்றால் ஆள் மிஞ்சாது என்று தோட்டத்து டாக்டர் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஆண் வாரிசு வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அம்மாவை நச்சரிக்கத் தொடங்கியதும், குறை தன்னுடையது, இனித் தனக்குப் பிள்ளை பிறக்காது என்று அப்பா எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம். கல்யாண வீடுகளில் ஆண்கள் அவரை வைத்துச் சிரித்ததுண்டு. அவரும் கூடச் சிரிப்பார். நானும், எதற்கென்று தெரியாமல், அவர் மடியில் உட்கார்ந்தபடி சிரித்திருக்கிறேன்.