கொழுந்துச் சூட்டில் காய்ந்த சப்பாத்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே சொல்லத் தேவையில்லை, அம்பிட்டியவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். என் கணவரையும் கேஸ் அடுப்பையும் மழையையும் நான் ஒரே குரலில்தான் திட்டுவேன். திட்டி முடித்ததும் மறந்துவிடுவேன். அதனால் வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாக இருக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா, என் கணவரின் அப்பா, எங்களோடு இருக்க வந்தது நெஞ்சு வலிக்குப் பிறகு. கலஹா பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், காலமெல்லாம் கொழுந்தை உலர்த்தும் டிரையரில் நின்று வேலை செய்தவர். மாமி போன பிறகும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு அசையமாட்டேன் என்றுதான் இருந்தார். கண்டியில் டாக்டர்கள் அவருடைய மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சு வரைக்கும் விட்டு, நுனியில் இருந்த குட்டிப் பலூனை ஊதி அடைப்பை நீக்கினார்கள். இனித் தனியாக இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதால்தான் வந்தார்.

வந்தாரே தவிர, பையை அவிழ்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸிப் மூடியபடியே அது நின்றது. குளிக்கப் போகும்போது ஒரு சட்டையை எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைப்பார். அவருக்காக ஒதுக்கிய அலுமாரி காலியாகவே கிடந்தது.

"இந்த ஞாயித்துக்கிழம பஸ்ஸப் புடிச்சு போயிர்றேம்மா" என்பார்.

"இங்க என்ன மாமா கொற?"

"கொற ஒண்ணும் இல்ல. சும்மா ஒக்காந்து சாப்பிட்டுப் பழக்கமில்ல."

ஒவ்வொரு ஞாயிறும் இதே பேச்சு. லயத்தில் தனியாக இருக்கும்போது மறுபடி வலி வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். நான் என் வழக்கப்படி சத்தம் போடாமல், மிகவும் கஷ்டப்பட்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் சிரிப்பார், பை மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்திருந்தது. நாற்பது தாண்டிய பிறகு வந்த பைத்தியம். கண்டி வாவியைச் சுற்றி, மேட்டுத் தெருவில் ஏறி இறங்கி, மறுபடி வாவிக்கரையில் முடியும் ஊர் ஓட்டம் ஒன்று வருடா வருடம் நடக்கும். முந்தைய வருடம் மேட்டில் மூச்சு வாங்கி நடந்துவிட்டேன். இந்த முறை நடக்காமல் ஓடி முடிப்பது என்று சபதம். இதைக் கேள்விப்பட்டு என் நாத்தனார் கட்டாரிலிருந்து ஓடுவதற்கென்றே ஒரு சோடிச் சப்பாத்து அனுப்பியிருந்தாள்.

கையில் எடுத்தபோது பெட்டி காலியோ என்று நினைத்தேன். அவ்வளவு பாரமில்லாமல் இருந்தது. பல்லேகலையில் இறப்பர் சாமான் செய்யும் தொழிற்சாலையில் எனக்குச் சோதனைக்கூட வேலை. இழுப்பது, அமுக்குவது, சூடாக்கிப் பார்ப்பது. அதனால் வீட்டிலும் எதைக் கண்டாலும் முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். இதன் அடிப்பகுதி விரலை உள்ளே வாங்கி, உடனே திருப்பித் தள்ளியது. பஞ்சு மாதிரி மெத்தென்று அடங்கிப் போகும் சாதி இல்லை, கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் சாதி.

"இது என்ன இறப்பரா?" என்று மாமா கேட்டார். வந்த நாளிலிருந்து அவர் ஆர்வமாகக் கேட்ட முதல் கேள்வி. விடுவேனா? தேநீர் ஆறும்வரை விளக்கினேன். இறப்பர் இல்லை மாமா, பொலியமைட், நைலானின் குடும்பம். ஒரே சங்கிலியில் ஒரு துண்டு நைலான் போல இறுக்கம், அடுத்த துண்டு இழுத்தால் இழுபடும் மென்மை, இப்படி மாறி மாறி. இறுகின துண்டுகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொள்ளும், மென்மையான துண்டுகள் நீண்டு சுருங்கும். நுரையாக ஊதினால் ஓடுகிற சப்பாத்து. மெல்லிய தாளாக இழுத்தால் வியர்வை ஆவியை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத கோட்டு. குளிரிலும் விறைக்காது. குழாயாக இழுத்தால் உடம்புக்குள் போகும், வளைவில் வளையும், தள்ளினால் மடங்காமல் முன்னால் போகும்.

"ஒங்க நெஞ்சுக்குப் போன கொழாயும் பெரும்பாலும் இந்தக் குடும்பந்தான் மாமா."

அவர் சப்பாத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப இது எனக்குச் சொந்தக்காரன்" என்றார்.

சூட்டைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. இறப்பரை ஒருமுறை வேகவைத்துவிட்டால் பிறகு உருகாது. இந்தச் சாதியோ சூடு பட்டால் முடிச்சுகள் தளர்ந்து இளகும், ஆறும்போது எந்த வடிவில் கிடக்கிறதோ அதுவே அதன் வடிவம். தொழிற்சாலைக்கு அது வசதி, கழிவை உருக்கி மறுபடி வார்க்கலாம். வீட்டில் சப்பாத்தை யார் வறுக்கப் போகிறார்கள்?

ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், விடியற்காலைப் பயிற்சியில் கொட்டோ கொட்டென்று கொட்டிய மழையில் சப்பாத்து ஊறிப்போனது. அப்படியே வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, அதையும் மழையையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை திரும்பியபோது சப்பாத்து துடைத்துச் சுத்தமாக, மூக்குகள் வெளியே பார்க்க, வாசலில் நின்றது. பக்கத்தில் கதிரையில் மாமா. குசினியிலிருந்து பிளாஸ்டிக் சூடேறிய வாடை வந்தது. நத்தார்ப் பண்டிகைக் கேக்கைத் தவிர வேறெதற்கும் நான் திறக்காத ஓவனின் கதவு பாதி திறந்திருந்தது.

பிற்பாடு என் கணவர் சொல்லித்தான் முழுக்கதை தெரியும். தோட்டத்தில் மழைக்காலம் முழுக்க லயத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்தெல்லாம் ஞாயிறு பின்னேரம் மாமாவிடம்தான் வருமாம். டிரையரின் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவைப்பார். திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளைகூட ஈரக்காலோடு போனதில்லை. எங்கள் வீட்டில் டிரையர் இல்லை. ஓவனைக் கண்டுபிடித்து, தேயிலைக் கொழுந்துக்கு வைக்கிற சூட்டை வைத்திருக்கிறார்.

குனிந்து இடது சப்பாத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போகவே இல்லை. அடிப்பகுதி வற்றல் மாதிரி சுருங்கி, வலதைவிட ஒரு விரற்கடை சின்னதாகியிருந்தது. எனக்குத் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்துகொண்டுதான் நிமிர்ந்தேன்.

"காஞ்சிருச்சாம்மா?"

இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தோட்டத் துரையின் ஆபீஸ் வாசலில் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா காஞ்சிருச்சு மாமா" என்றேன். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. நேரே குசினிக்குப் போய், கை துடைக்கும் துணியை வாயில் வைத்துக் கடித்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாமாவின் அறையில் ஸிப் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. வந்ததிலிருந்து செய்த முதல் வேலை, அதுவும் நன்றாக வந்துவிட்டது என்ற பெருமையில் அவிழ்க்கிறார் என்று இருவரும் முடிவு கட்டினோம். ஆகவே உண்மை அவருக்குத் தெரியவே கூடாது.

ஞாயிறு காலை வாசலில் நின்று வழியனுப்பினார். "புதுச் சப்பாத்து, சேத்துல மிதிக்கக் கூடாது மாமா" என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்போடு கிளம்பினேன். பழைய இறப்பர் அடிச் சப்பாத்து கூட வந்த என் கணவரின் பைக்குள். வாவிக்கரையில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, கள்ளக் கடத்தல்காரி போல மாற்றிக்கொண்டேன்.

மழை தூறியது. பழைய சப்பாத்து தண்ணீரைக் குடித்து, காலில் அம்மிக்கல்லைக் கட்டியது போல் கனத்தது. மேட்டில் கால்கள் நடக்கலாமா என்று கேட்டன. சப்பாத்தைத் திட்டினேன், மேட்டைத் திட்டினேன், என்னையும் திட்டினேன், ஆனால் நடக்கவில்லை. ஓடியே முடித்தேன்.

முடிவுக்கோட்டில், குடையைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். நாங்கள் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்த மனிதர், ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்து வந்திருக்கிறார். அவர் பார்வை நேரே என் காலுக்குப் போனது. சேறு படிந்த பழைய சப்பாத்து. மறைக்க அங்கே மரமும் இல்லை.

"அது வந்து மாமா, புதுசு கொஞ்சம்..."

"எடப்பக்கம் சின்னதாப் போச்சு" என்றார். "ஓவன்ல இருந்து எடுக்கையிலயே தெரியும். டிரையர்ல நின்னவனுக்குக் கருகினது தெரியாதா?"

"அப்ப ஏன் மாமா சட்டையெல்லாம் எடுத்து..."

"அன்னைக்கு நீங்க கத்துவீங்கன்னு பயந்துகிட்டு ஒக்காந்திருந்தேன். கத்தினா மறுநாளே பஸ் ஏறிரலாம்னு பை கூட ரெடி." குடையை என் பக்கம் சாய்த்தார். "நீங்க காஞ்சிருச்சுன்னீங்க. மழையைக்கூட விடாம திட்டுற புள்ள, எனக்காக வாயக் கட்டுதே. அதுக்கு மேல எங்கம்மா போறது?"

எனக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்ததில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"இப்பத் திட்டுங்க" என்றார். "பைய மகன்கிட்ட குடுத்து மேல பரண்ல போட்டாச்சு."