பெரியம்மா பூசிய திருநீறு

எங்கள் பெரியம்மாவின் தையல் வகுப்பில் ஆண் வாடையே கிடையாது. ஆனாலும் அந்த மாடிக் கொடியில் எந்நேரமும் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருக்கும். வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு கிடக்கும். இரண்டும் எங்கள் அப்பாவுடையவை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா, "அந்த நீலக்கோடு போட்ட சட்டை எங்க?" என்று அலமாரியைக் கலைத்துக்கொண்டிருப்பார். அம்மா அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி குனிந்த தலை நிமிரமாட்டாள். "பெரியம்மா வீட்டுக் கொடியில காயுதுப்பா" என்று ஒருமுறை நான் உண்மையைப் போட்டு உடைத்தேன். தொடையில் விழுந்த கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது என் வீட்டுக்காரரின் சட்டைகள் காணாமல் போகின்றன. பாவம், அவர் கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. திருநெல்வேலியிலிருந்து பரீட்சை எழுதி மத்திய அரசு வேலைக்கு டெல்லி வந்தவள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை ஓட ஓட விரட்டியவள். ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரோடு சேர்ந்து, எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸை ஒட்டிய பழைய சந்து ஒன்றில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஹிந்தியில் "சிலாயி சென்டர்" என்று போர்டு மாட்டியிருந்தாள். முன்னறையில் தையல் மிஷின்கள் உண்மையாகவே ஓடும். உள்ளறைகளில் இருந்தவர்கள் அப்பனிடமோ புருஷனிடமோ அண்ணனிடமோ அடி தாங்க மாட்டாமல் தப்பி வந்த பெண்கள். தேடி வருகிறவன் கொடியையும் வாசலையும் பார்த்து, இது ஆம்பிளை இருக்கிற குடும்பம் என்று நினைத்துக் கடந்து போய்விட வேண்டும். அப்பாவின் சட்டை அந்த வேலையைத்தான் பார்த்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. இதெல்லாம் ஒன்றும் தெரியாது. லீவு நாளென்றால் அங்கே ஓடிவிடுவேன். துணி வெட்டியதில் மிஞ்சும் துண்டுகள் அத்தனையும் எனக்குத்தான். என் பொம்மைக்கு இருந்த அளவு பாவாடை எனக்கே கிடையாது. பெரியம்மா போட்ட ஒரே நிபந்தனை, "பேரு கேக்கப்பிடாது, ஊரு கேக்கப்பிடாது, எல்லாரும் ஒனக்கு அக்கா. சமஜ்கயி?" என்பதுதான். திருநெல்வேலித் தமிழில் ஆரம்பித்து, 'புரிந்ததா' என்று ஹிந்தியில் முடித்தால் அது கட்டளை என்று அர்த்தம். நானும் பேர் ஊர் கேட்டதில்லை. ஆனால் அங்கே வருகிற அக்காக்களின் கைகளில் சூட்டுத் தழும்பு இருக்கும். அதைக் கேட்காமல் இருக்க முடியுமா? "தோசைக்கல்லு பட்டுருச்சு" என்பார்கள். ஆகவே, உலகத்திலேயே ஆபத்தான வேலை தோசை சுடுவது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா ஒரு தழும்புகூட இல்லாமல் தோசை சுடுவாள் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆடி மாதம் அங்கே இருந்த ஓர் அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெலிசாக, பல் வரிசை கொஞ்சம் எடுப்பாக இருப்பாள். அழகாகப் பின்னல் போட்டுவிடுவாள். டெல்லியில் கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் குடிசை போட்டிருந்த இடத்திலிருந்து வந்தவள். தாய் தகப்பன் இல்லை. அண்ணன்தான் வளர்த்தார். வளர்த்த உரிமையில், தனக்கு வேலை கொடுத்த மேஸ்திரிக்கே அவளைக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மேஸ்திரிக்கு இவள் வயதில் மகள் இருந்தாள். மாட்டேன் என்றதற்கு அடி, பூட்டு, பிறகு தோசைக்கல். போலீசுக்குப் போனாள். அவர்கள் குடும்ப விவகாரம் என்று சொல்லி அண்ணனையே வரவழைத்து ஒப்படைத்துவிட்டார்கள். அடுத்த தடவை அவள் தப்பி வந்தது பெரியம்மாவிடம். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே தங்க ஹாஸ்டல் என்று பெரியம்மா ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ரயில் ஏற்றுவதுதான் பாக்கி. இந்த முறை அண்ணன் கையில் அகப்பட்டால் நேராக மணவறைதான்.

இதற்கு நடுவில் என் விஷயம் ஒன்று இருந்தது. எனக்கு டைபாய்டு வந்து பிழைத்ததற்காக, ஆடிக் கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கென்று ஒரு சின்னப் பித்தளைக் குடம், மஞ்சள் பாவாடை, மஞ்சள் சட்டை. ஒரு வாரமாக நான் தரையில் நடக்கவே இல்லை. பெரியம்மாவோ சாமி கும்பிடாதவள். அவள் நெற்றியில் ஒரு துளி திருநீறு நான் பார்த்ததில்லை. "பால ஊத்தி ஊத்தி ஒங்க முருகனுக்குச் சளி புடிச்சிரும்ட்டி" என்று அம்மாவைக் கேலி செய்வாள். ஆனாலும் பால்குடம் எடுக்கும் பெண்களுக்கெல்லாம் மஞ்சள் ரவிக்கை தைத்துக் கொடுத்தது அவள்தான். அதனால் எல்லாரும் காலையில் தையல் வகுப்பிலேயே கூடி, அங்கேயே உடுத்திக்கொண்டு, குடத்தோடு கோயிலுக்கு நடப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் எதிர்வீட்டு மாமியும் வந்திருந்தார். குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை மாமியிடம் செய்தி இருக்கும். அந்த மாமி, வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகக் குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். இந்த வேண்டுதலுக்காக முருகனுக்கு எங்கள் பிளாக்கே கடன்பட்டிருக்கிறது என்று அப்பா சொன்னார்.

எல்லாரும் குடத்தில் பால் நிரப்பித் துணி கட்டிக்கொண்டிருந்த நேரம், திரைச்சீலை ஓரமாக வெளியே எட்டிப் பார்த்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன்" என்றாள். சந்து முனை டீக்கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். பின்பக்கச் சந்தில் அவருடைய ஆள் ஒருவன். யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் மேலே ஏறி வந்து பார்ப்பார். அதில் சந்தேகமே இல்லை.

பெரியம்மா திரைச்சீலையை இழுத்து மூடினாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா, மாற்றுக்கென்று பையில் வைத்திருந்த மஞ்சள் சேலையை எடுத்து நீட்டினாள். இரண்டு பெண்கள் அக்காவை உள்ளே கூட்டிப்போய் உடுத்திவிட்டார்கள். முகமெல்லாம் மஞ்சள் பூசினார்கள். மாமி தன் வாய்த் துணியை அவிழ்த்து, மூக்குவரை ஏற்றி அக்காவுக்குக் கட்டிவிட்டார். ஊர் வம்பெல்லாம் பேசிய அந்த மாமி, வாய்க்கட்டு அவிழ்ந்த பிறகும் அன்று நடந்ததைக் கடைசிவரை ஒருத்தரிடமும் பேசவில்லை. நினைத்தால் இப்போதும் அவரை விழுந்து கும்பிடத் தோன்றுகிறது.

எல்லாம் சரி. குடம்? குடமில்லாமல் நடக்கிற பெண் கண்ணில் படுவாள். குடமில்லாத பிள்ளையை யார் பார்க்கப்போகிறார்கள்? பெரியம்மா என் தலையிலிருந்த குடத்தைத் தூக்கி அக்காவின் தலையில் வைத்தாள்.

நான் போட்ட கூச்சல் இருக்கிறதே! தரையில் விழுந்தேன், காலை உதைத்தேன். "என் குடம்! என் வேண்டுதல்!" மற்ற நாளாக இருந்தால் அம்மா முதுகில் நாலு வைத்திருப்பாள். அன்று அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. என்னைத் தூக்கி நிறுத்தி, என் கையை அக்காவின் கையில் வைத்தாள். "அழட்டும் விடு. அழுத பிள்ளையோட போறவள எவனும் உத்துப் பாக்கமாட்டான்" என்றாள் பெரியம்மா. அது எனக்குக் கூடுதல் அவமானமாக இருந்தது. இன்னும் ஓங்கி அழுதேன்.

இறங்கினோம். முன்னால் பெரியம்மா. கையில் திருநீற்றுத் தட்டு! "அரோகரா!" என்று முதல் குரல் கொடுத்ததும் அவள்தான். அழுகைக்கு நடுவிலும் எனக்கு வாய் பிளந்துவிட்டது.

டீக்கடைக்குப் பக்கத்தில் அந்த மனிதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் பால்குடம் கிட்டே வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கைகூப்பினார். அவரும் நம் ஊர்க்காரர்தானே, முருகனுக்குப் போகிற பாலைச் செருப்புக்காலோடு பார்த்துக்கொண்டு நிற்க மனம் வருமா? பெரியம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, திருநீறு பூசிக்கிடுங்க."

அவர் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்.

பெரியம்மா பூசினாள். மூன்று விரலையும் பதித்து நெற்றி நிறையப் பூசினாள். கழுத்தில் பூசினாள். மறுபடி நெற்றிக்கு வந்து உச்சியில் ஒரு கை அள்ளித் தூவி, ஏதோ மந்திரம் சொல்வதுபோல் உதட்டை அசைத்து, முகத்தில் ஊதினாள். அவளுக்கு ஒரு பாட்டுக்கூடத் தெரியாது. கண்ணில் விழுந்த திருநீற்றோடு அவர் கண்ணைத் திறக்க முடியாமல் பக்தியோடு நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்தார்கள். நாங்களும் கடந்தோம். அக்கா என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

சரியாக அப்போது நான், "என் குடத்தை எடுத்துக்கிட்டா!" என்று அலறினேன்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே குரல் வந்த பக்கம் திரும்பினார். கண்ணீர் வழிய என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா பாப்பா, அழுவாத. முருகன் ஒனக்கு இதவிடப் பெரிய கொடமா குடுப்பாரு, பாரேன்" என்றார். அவ்வளவு இதமான குரல். அக்காவின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. அவள் நடையை மாற்றவில்லை. அன்று காலையிலிருந்து என் பக்கம் நின்று பேசிய ஒரே மனிதர் அவர்தான் என்று எனக்குப் பட்டது.

மதியம் அவர் தையல் வகுப்பின் கதவைத் தட்டினாராம். பெரியம்மா, தாராளமாக வந்து பாருங்கள் என்று உள்ளே விட்டாளாம். முன்னறையில் இரண்டு தோழிகள் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார்களாம். காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்ட மற்ற அக்காக்கள் அங்கே கூட்டத்தில் அன்னதானத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் பெரியம்மா பூசிய திருநீறு அழியாமல் அப்படியே இருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் பெரியம்மா சிரிக்கமாட்டாள். அடுத்த மாதமே தையல் வகுப்பு வேறு சந்துக்கு மாறிவிட்டது. அப்பாவின் சட்டையும் கூடவே போனது. பெரியம்மாவுக்குப் பக்தி வந்துவிட்டதாக நான் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவள் மறுக்கவில்லை.

இதையெல்லாம் பிற்பாடு, நானும் அக்காக்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் வேலையில் சேர்ந்த காலத்தில், பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் குடம் பறிபோனதுதான்.

மலை மந்திர் அடிவாரத்தில், பெரியம்மா போன் செய்து வரவழைத்த பஞ்சாபித் தோழி ஒருவர், அக்காவை ரயில் ஏற்றப் பழைய மாருதி காரோடு காத்துக்கொண்டிருந்தார். அக்கா காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குடத்தை இறக்கி என் கையில் கொடுத்தாள். "இந்தா, ஒன் கொடம். ஒரு சொட்டுகூடச் சிந்தல, பாரு."

குடம் கிடைத்தால் மட்டும் கோபம் போய்விடுமா? "நீ கந்தி" என்றேன். டெல்லிப் பிள்ளைகளுக்கு 'கெட்டவள்' என்று திட்டுவதற்கும் ஹிந்திதான் வாயில் வரும். "அந்த டீக்கடை அண்ணா எவ்ளோ அச்சாவா பேசினாங்க! நீதான் கந்தி."

அக்கா வாய்த் துணியைக் கழுத்துக்கு இறக்கினாள். மஞ்சள் பூசிய கன்னத்தில் கண்ணீர் இறங்கிய இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"ஆமா பாப்பா, நல்லவருதான்" என்றாள். "அது எங்க அண்ணன். சின்னப் புள்ளையில நான் அழுதாலும் அப்படித்தான், அழுவாத அழுவாதன்னு சொல்லும். தோள்ல தூக்கி வச்சிக்கினு ஊரெல்லாம் சுத்திக் காட்டும்."

"ஜல்தி, ஜல்தி" என்றார் பஞ்சாபித் தோழி. அக்கா என் பின்னலை ஒரு தரம் சரிசெய்துவிட்டுக் காரில் ஏறினாள். கார் திரும்பும்வரை, நாங்கள் நடந்து வந்த ரோட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு நல்ல அண்ணனை விட்டுவிட்டு இவள் ஏன் இப்படி அழுதுகொண்டு போகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்கு மட்டும் அப்படி ஓர் அண்ணன் இருந்தால் விட்டுப் போவேனா என்று நினைத்துக்கொண்டே, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன்.